வெர்லாவுக்குச் சொந்தமான ஒரு மணி நேரம்

வெர்லா ஹாஸ்கின் தனக்கென்று ஒரு கருத்து வைத்துக்கொள்ள எங்கள் ஊர் அனுமதித்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். சனி, ஞாயிறு அதுவும் கிடையாது. நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் பிட்டர்வெல் நகர சபைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். எழுந்து போகும்போது அவர்களுக்குத் தங்கள் பெயரிலேயே சந்தேகம் வந்திருக்கும்.

நான் ரொவீனா. டோனட் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் வர்த்தக சங்க அலுவலகத்துக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் அப்படியே கேட்கும். ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது, சுவரைச் சொல்லுங்கள்.

வர்த்தக சங்கம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு தலைவர், சில நிர்வாகிகள், கூட்டத்துக்கு வராமல் சந்தா மட்டும் கட்டும் என்னைப் போன்ற சோம்பேறிகள். வேலை செய்ய ஒரே ஒரு ஆள், வெர்லா. போன் எடுப்பது அவள். வழி தவறி வரும் பயணிகளுக்கு வரைபடம் கொடுப்பது அவள். கிறிஸ்துமஸ் விளக்கு கட்டுவது, உறுப்பினர்களுக்குள் சண்டை வந்தால் விலக்குவது, வெங்காயத் திருவிழாவில் வெங்காய வேஷம் போட்டு ஊர்வலத்தின் முன்னால் நடப்பது எல்லாம் அவள்தான்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய ஒரு விஷயம் சொன்னால் போதும். ஒரு வருஷம் திருவிழாவில் 'வெங்காயப் பை' போட்டி நடந்தது, மாவுக்குள் வெங்காயம் வைத்துச் சுடும் பலகாரம். நடுவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ருசி பார்த்து வெர்லாவின் பைக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். பரிசை வாங்க மேடைக்குப் போனவள், மைக்கைப் பிடித்து, போட்டிக்கு மேசை போட்டது நான், அதனால் எனக்குப் பரிசு செல்லாது என்று அறிவித்துவிட்டு இறங்கிவிட்டாள். பரிசு சங்கத் தலைவர் ஸ்டிக்னி வீட்டு அம்மாவுக்குப் போயிற்று. அந்தப் பையின் நடுவில் மாவு வேகக்கூட இல்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வெர்லாவின் கணவர் டெல்பர்ட். வயல் கால்வாய்களில் மதகு திறந்து மூடும் வேலை பார்த்தவர், அறுபதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. முந்தைய குளிர்காலத்தில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியோடு அப்படியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் பையன்கள் வந்து நெஞ்சில் குத்தி, ஷாக் கொடுத்து, ஆளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி மலைக்கு அந்தப் பக்கம் ஆல்டனில் இருக்கிறது. பனி விழுந்தால் அது எப்போது வந்து சேரும் என்பது அதன் டிரைவருக்கே தெரியாது. வெர்லா அன்றைக்கு மனுஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் டெல்பர்ட் கொஞ்சம் பலமாக இருமினாலும் அவள் கை போனைத் தேடும்.

இப்படியிருக்க, ஆம்புலன்ஸுக்குப் பணம் தீர்ந்துபோயிற்று. வீட்டு வரியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் வண்டி ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். ஊர் ஜனங்களே முடிவு செய்யட்டும் என்று நவம்பர் வாக்குச் சீட்டில் அதை ஏற்றினார்கள்.

வர்த்தக சங்க நிர்வாகிகள் என் கடையில்தான் கூடினார்கள். என் டோனட்டைத் தின்றுகொண்டே வரியை எதிர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். தலைவர் கென்ட் ஸ்டிக்னிக்கு டயர் கடை இருக்கிறது, அது போக மெயின் ஸ்ட்ரீட்டில் பாதிக் கட்டடங்கள் அவருடையவை. வரி என்று யாராவது சொன்னாலே காது சிவந்துபோகும் மனுஷன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் கடையின் கூரை ஒழுகியபோது அவரே ஏணி போட்டு ஏறினார். ஆனால் அவருக்கு உலகம் முழுவதும் ஒரு கட்டடம், அதற்கு ஒரு வரி ரசீது. அவ்வளவுதான்.

எதிர்ப்பு நோட்டீஸை அவரே எழுதிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று ஆச்சரியக்குறி. வெர்லா அதைப் படித்த சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்டது, பெருமூச்சாக.

"கென்ட், இதைப் படிச்சா நம்ம பக்கம் இருக்கறவங்களே எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டுருவாங்க."

"அப்ப நீங்களே எழுதுங்க வெர்லா. அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்."

எழுதினாள். அங்கேதான் எல்லாம் கெட்டது. அரைகுறையாக ஒரு வேலையைச் செய்ய அவளுக்குத் தெரியாது. வரி வேண்டும் என்பதுதான் அவள் மனசு. ஆனால் வேலை போனால் சம்பளத்தோடு காப்பீடும் போகும், டெல்பர்ட்டின் இதய மாத்திரைகள் அந்தக் காப்பீட்டில்தான் வந்துகொண்டிருந்தன. அதனால் உட்கார்ந்து, தன் கணவரைக் காப்பாற்றிய வண்டிக்கு எதிராக, அருமையான ஒரு நோட்டீஸ் எழுதினாள். 'ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த வரி வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்' என்று ஆரம்பித்தது. எவ்வளவு பணிவு, எவ்வளவு நியாயம். வரி வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்த நானே படித்து முடித்துவிட்டுச் சற்று நேரம் டோனட்டை எண்ணெயில் கருகவிட்டேன்.

நோட்டீஸ் ஊருக்குள் போன வாரமே ட்ரிஸ்கால் கிளம்பிவிட்டார். ட்ரிஸ்கால் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நகர சபைக் கூட்டம் ஒன்றைக்கூட விடாதவர். எழுந்து நின்று பேசினார்.

"என் தங்கச்சி மக போன மாசம் வந்து மோட்டல்ல தங்குனா. வாடகையோட விடுதி வரியும் கட்டுனா. அந்த வரிப் பணத்தை நகர சபை வர்த்தக சங்கத்துக்குக் குடுக்குது, பயணிகளுக்கு வழி காட்டுறதுக்கு. அந்தக் காசுல உக்காந்துக்கிட்டு எனக்கு எப்படி ஓட்டுப் போடணும்னு வழி காட்டுறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?"

கென்ட் எழுந்தார். "அந்தப் பணம் பாதிதான் ஐயா. மீதிப் பாதி எங்க உறுப்பினர் சந்தா. எங்க சொந்தக் காசுல எங்க வாய் பேசக் கூடாதா?"

"எந்த வாய் எந்தக் காசுன்னு எப்படித் தெரியும்?"

"அது இருக்கட்டும், நீங்க வரிக்கு ஆதரவா?"

"சேச்சே! நானும் வேணாம்னுதான் போடப்போறேன். அது வேற, இது வேற."

எனக்குப் பொறுக்கவில்லை. காப்பி ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். "இதுல பால் கலந்தாச்சு. இப்ப காப்பி எது, பால் எதுன்னு யாராவது தனித்தனியா ஊத்திக் காட்டுங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்றேன். நகர சபைத் தலைவி என் கருத்தைக் குறித்துக்கொள்ளும்படி சொன்னாள். குறித்தும்கொண்டார்கள். உள்ளபடி பார்த்தால் ட்ரிஸ்கால் சொன்னதும் சரி, கென்ட் சொன்னதும் சரி. இரண்டு சரியான ஆட்களுக்கு நடுவில் மாட்டியவளை மட்டும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நகர சபையின் வக்கீல் ஆல்டனில் இருப்பவர். அவரை ஸ்பீக்கர் போனில் பிடித்தார்கள். எதையோ நொறுக்கித் தின்றுகொண்டே கேட்டார்.

"அங்க வேலை பாக்கறது எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான் சார்" என்றாள் வெர்லா.

"உங்க சம்பளம்?"

"பாதி நகர சபை, பாதி சந்தா."

"அப்ப ரொம்ப சுலபம். காலைல நீங்க நகர சபை ஆள். எந்தப் பக்கமும் பேசக் கூடாது. மத்தியானத்துக்கு மேல சங்கத்து ஆள். சங்கம் சொல்றதைப் பேசலாம்."

கூட்டம் கைதட்டியது. ட்ரிஸ்காலும் தட்டினார், கென்ட்டும் தட்டினார். வெர்லா மட்டும் கையைத் தூக்கினாள்.

"சார், எனக்குன்னு சொந்தமா ஒரு கருத்து இருந்தா, அதை எப்பச் சொல்லலாம்?"

நொறுக்குவது நின்றது. "உங்களுக்கு மணிக் கணக்குச் சம்பளமா, மாசச் சம்பளமா?"

"மாசச் சம்பளம்."

"அடடா. மாசச் சம்பளக்காரங்க எந்நேரமும் வேலையில இருக்கறதாத்தான் கணக்கு. சம்பளம் இல்லாத நேரம்னு ஏதாவது இருக்கா?"

வெர்லா யோசித்தாள். அவளை வேலைக்கு எடுத்த பழைய தலைவர் மகா கஞ்சர். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்று அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதை இவள் சொன்னாள்.

"அப்ப அந்த ஒரு மணி நேரம்" என்றார் வக்கீல். "அது உங்களுக்கே சொந்தம்."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார்கள். வெர்லா சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள். வீட்டில் வாயே திறக்கவில்லை. டெல்பர்ட்டோ மதியத்தில் முதியோர் மன்றத்தில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே சீட்டாடும் ஆள். அவளுக்குச் சொந்தமான அந்த ஒரு மணி நேரத்தில் அவர் அவள் எதிரில் இருந்ததே இல்லை. நான் இருந்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும். என் கடைக் கதவு திறக்கும். வெர்லா சட்டையில் குத்தியிருந்த சங்க பேட்ஜைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பாள். அப்புறம் ஆரம்பிப்பாள்.

"ஓட்டுப் போடுங்கய்யா! வரி கட்டுங்கய்யா! ஒரு மாசம் பீர் குடிக்கலன்னா செத்தா போயிருவீங்க? வண்டி வரலன்னாதான் செத்துப் போவீங்க! கென்ட்டுக்கு நாளைக்கு நெஞ்சு வலிச்சா எதுல ஏத்துவாங்க, டயர்ல வச்சு உருட்டிக்கிட்டா போவாங்க?"

"மெதுவாத் தின்னுடி, தொண்டைல சிக்கிக்கும்" என்பேன். "சிக்குனா கூப்பிட வண்டி இருக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

முதல் சில நாள் கடையில் இருப்பவர்கள் பயந்துபோனார்கள். பிறகு அவள் பேச்சைக் கேட்பதற்கென்றே கூட்டம் வந்தது. டெல்பர்ட்டுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்து அவரிடம் மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை. எனக்கு வியாபாரம் நன்றாக நடந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு மணி ஆனதும் வாயைத் துடைத்துக்கொண்டு பேட்ஜைக் குத்துவாள். வாசலில் யாராவது நின்றால், "ஆம்புலன்ஸ் வேண்டாம்னு யாரும் சொல்லலங்க" என்று பணிவாக நோட்டீஸை நீட்டுவாள். கொஞ்சம் முன்னால் அவளிடம் திட்டு வாங்கியவர்களே அதை வாங்கிப் படித்துத் தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

காலை நேரத்தில் இன்னும் மோசம். ஒரு நாள் நான் சங்கத்தில் இருந்தபோது, படுக்கை அடுப்போடு வீடு மாதிரி இருக்கும் வண்டியில் வந்த பயணி அம்மா ஒருத்தி உள்ளே ஓடிவந்தாள். அவள் புருஷனைக் குளவி கொட்டி முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"இந்த ஊர்ல ஆம்புலன்ஸ் இருக்கா?"

"இருக்கு" என்றாள் வெர்லா, போனைச் சுழற்றிக்கொண்டே. "இருக்கணுமா வேணாமான்னு மட்டும் என்னால இப்பச் சொல்ல முடியாது."

அந்த அம்மா அவளைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. வண்டி வந்தது, அந்த ஆள் பிழைத்தார். போகும்போது அந்த அம்மா, நல்ல வண்டியாக வைத்திருக்கிறீர்களே என்று வெர்லாவைப் பாராட்டினாள். வெர்லா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை.

வெங்காய ஊர்வலத்தையும் சொல்லிவிடுகிறேன். வேஷத்தின் உருண்டை உடம்பு விடுதி வரியில் வாங்கியது, தலைக்கு மேல் நிற்கும் பச்சை வெங்காயத் தாள் சந்தாவில் வாங்கியது. ஆகவே உடம்பு நடுநிலை, தாளில் மட்டும் 'வரி வேண்டாம்' என்று ரிப்பன் கட்டலாம் என்று கென்ட் கண்டுபிடித்தார். ஆனால் ஊர்வலம் தொடங்கியது காலையில். தாள் சந்தாவுடையது ஆனாலும் அதைச் சுமப்பவள் காலையில் நகர சபை ஆள்தானே, கட்டக் கூடாது என்று ட்ரிஸ்கால் குறுக்கே வந்தார். சரி, மத்தியானத்துக்குக் கட்டலாம் என்று கென்ட் ரிப்பனோடு கூடவே நடந்தார். பள்ளிக்கூட பேண்டு, டிராக்டர்கள், அலங்கார வண்டி எல்லாம் பின்னால் வந்தன. சர்ச் மணி பன்னிரண்டு அடித்தது. வெங்காயம் நடுத் தெருவில் நின்றது. பிறகு நடைபாதை ஓரமாகப் போய் உட்கார்ந்தது.

"என்னாச்சு வெர்லா?" என்று கென்ட் பதறினார்.

"சாப்பாட்டு நேரம். இப்ப நான் வெங்காயம் கிடையாது."

"ஊர்வலம் நிக்குதே!"

"இதுக்கு யாரும் எனக்குச் சம்பளம் குடுக்கலயே கென்ட். வேஷம் நகர சபையோடது, அதனால இதுக்குள்ள இருந்துக்கிட்டு என் கருத்தையும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க."

நான் கொண்டுபோய்க் கொடுத்த சாண்ட்விச்சை வெங்காயம் நிதானமாகத் தின்றது. பேண்டுப் பையன்களுக்கு இரண்டே பாட்டுதான் தெரியும், அதையே மாற்றி மாற்றி வாசித்தார்கள். ஊர் மொத்தமும் வெயிலில் நின்று ஒரு வெங்காயம் சாப்பிட்டு முடிப்பதற்காகக் காத்திருந்தது. ஒருவருக்கும் இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று தோன்றவில்லை. சட்டப்படி நடக்கிறது என்று ட்ரிஸ்கால் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் கடைசியில் வாக்குச் சீட்டு தபாலில் வந்தது. எங்கள் மாநிலத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து போட்டு, கவரை ஒட்டிக் கையெழுத்திட்டு, நகர சபை வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். வெர்லா தன் சீட்டை என் கடையில், பேட்ஜைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வரி வேண்டும் என்று போட்டாள்.

"டெல்பர்ட்?" என்று கேட்டேன்.

"அவரைக் கேக்கணுமா? சாவைத் தொட்டுட்டு வந்த மனுஷன். வேணும்னுதான் போடுவாரு."

அடுத்த நாள் மத்தியானம் மிஞ்சிய டோனட்டுகளைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். கென்ட் புது நோட்டீஸ் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். ஒட்டிய கவரை வெர்லாவின் மேசையில் வைத்தார்.

"இந்தா. வீட்டுக்கு வரும்போது பெட்டில போட்டுரு. அந்தப் படி ஏற முடியல எனக்கு."

கென்ட் நிமிர்ந்தார். "டெல்பர்ட், எந்தப் பக்கம்னு கேக்கலாமா?"

"வேணாம்னுதான் போட்டிருக்கேன். வேற எப்படிப் போடுவேன்?"

கென்ட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நான் வெர்லாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன்?" என்றாள்.

"ஏன்னா என்ன அர்த்தம்? நீதானே எழுதுன."

"நான்னு யாரு சொன்னா உனக்கு?"

"யாராவது சொல்லணுமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து ஃபிரிட்ஜ் கதவுல உன் எழுத்தைப் படிக்கிறேன். 'பால் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பால் பின்னால் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்'னு எழுதி வைக்கிறவ இந்த ஊர்ல வேற எவ இருக்கா?"

கென்ட் சிரித்தார். டெல்பர்ட்டும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல படிச்சப்ப நெஞ்சுல சுருக்குன்னுதான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அப்புறம் உக்காந்து யோசிச்சேன். அன்னிக்குப் பனியில என் தலையை மடியில வச்சுக்கிட்டு இருந்தது நீதான். வண்டி வந்ததைப் பாத்ததும் நீதான். எல்லாத்தையும் பாத்த நீயே, இந்த வண்டிக்கு இவ்வளவு குடுக்க வேணாம்னு முடிவுக்கு வந்திருக்கேன்னா, அது சரியாத்தான் இருக்கும். உனக்குத் தெரியாததா? நான் ஒண்ணும் கோவிச்சுக்கல வெர்லா."

இந்த மனுஷன் தன் மனைவி தன் உயிரை எடை போட்டுப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிவிட்டாள் என்று நம்பியிருக்கிறார். நம்பி, அதற்கும் சரி என்று கையெழுத்துப் போட்டு, கவரை ஒட்டி, அவள் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்.

வெர்லா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"நீ சாகக் கூடாது."

"என்ன?"

"நீ சாகக் கூடாதுய்யா! அதுதான் என் கருத்து. காலைலயும் அதான், மத்தியானமும் அதான், தூக்கத்துலயும் அதான். உன்னை விட்டுட்டு நான் இருக்க மாட்டேன். எவ்வளவு வரி வேணா போடட்டும், கட்டுறேன். வீட்டை வித்துக் கட்டுறேன். நீ மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்."

கென்ட் தொண்டையைச் செருமினார். "வெர்லா, மணி ரெண்டரை. இது உறுப்பினர்களோட நேரம்..."

"அப்ப இந்த நேரத்துக்குச் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க கென்ட்!"

டெல்பர்ட் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கேட்டார்.

"இதை ஏன் நீ நோட்டீஸ்ல போடல?"

வெர்லா சிரிக்கவும் ஆரம்பித்தாள், அழவும் ஆரம்பித்தாள். டெல்பர்ட் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக் கவரைக் கீறினார். தவறாகப் போட்டுவிட்டால் கோடு கிழித்துவிட்டு மாற்றிப் போடலாம் என்று சீட்டிலேயே இருக்கிறது. மாற்றிப் போட்டார். கவரைத் திரும்ப ஒட்ட நான் மேசையிலிருந்த டேப்பை எடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்லா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அது சங்கத்து டேப்புடி."

என் கடைக்கு ஓடிப்போய் டோனட் பெட்டி ஒட்டும் டேப்பைக் கொண்டுவந்தேன். இரண்டு பேரும் கவரை எடுத்துக்கொண்டு கையைப் பிடித்தபடி வெளியே போனார்கள். அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கென்ட் என்னைக் கேட்டார். நான் அவருக்கு ஒரு டோனட் கொடுத்தேன்.

வரி தோற்றது. கொஞ்சநஞ்சம் இல்லை, படுதோல்வி. அந்த நோட்டீஸ் அவ்வளவு நன்றாக இருந்தது, ஊரில் பலர் அதைப் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸை ஏலம் விட்டார்கள். அதை எடுத்தவன் உள்ளே அடுப்பு வைத்து இப்போது திருவிழாக்களில் ஹாட் டாக் விற்கிறான்.

சந்தா நேரத்தில் சங்கத்துக்கு எதிராகப் பேசியதற்காக வெர்லாவை வேலையிலிருந்து எடுப்பது என்று நிர்வாகிகள் முடிவு செய்தார்கள். ஆனால் காலை வேலை நகர சபையுடையது, அதில் அவள்மேல் ஒரு புகாரும் இல்லை. எனவே மத்தியானத்திலிருந்து மட்டும் எடுத்தார்கள். சில வாரம் அவள் பாதி ஆளாக வந்துபோனாள். பாதி ஆளுக்குக் காப்பீடு கிடையாது என்று கம்பெனிக்காரன் கடிதம் போட்டதும், மிச்சப் பாதியை அவளே ராஜினாமா செய்தாள். வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் ஆல்டனுக்குப் போய்விட்டார்கள். அங்கிருக்கும் ஆஸ்பத்திரியிலேயே வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை கிடைத்தது. எதிர்க் கட்டடத்தில், லிஃப்ட்டில் ஏறினால் மூன்றாவது மாடியில், சின்னதாக ஒரு வீடு. சங்கத்தில் அவள் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இந்த வருஷம் கென்ட்டே வெங்காயமாக நடந்தார், பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தோம். பிறகு அவரே எழுந்துகொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வெர்லாவுக்குப் போன் போட்டேன். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"டெல்பர்ட் ஒரே புலம்பல்டி. ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் கத்திக்கிட்டே வருது, போகுது. கண்ணே மூட முடியலங்கறாரு. காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுக்கறாரு பாவம்."

"ஐயோ. நீ எப்படிடி சமாளிக்கறே?"

"நானா?" என்றாள் வெர்லா. "அது கத்தக் கத்த எனக்குச் சொக்கிக்கிட்டு வருதுடி. என் ஆயுசுல இப்படித் தூங்குனதே இல்ல."